அபூர்வக் குரங்கும் அடங்காத செடியும்

உயிரியல் பூங்காவின் குளத்தில் இரண்டு தீவுகள். ஒன்றில் ஆண் குரங்கு, எதிரே இன்னொன்றில் பெண். உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிச்சமிருக்கும் இனம். ஜோடி சேரட்டும் என்று நடுவே கயிற்றுப் பாலமும் கட்டியாயிற்று. மகராசன் அதில் கால் வைத்தால்தானே! மகராசன் என்பது ஆண் குரங்குக்குக் காப்பாளர் வைத்த செல்லப்பெயர். புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் அவள். இந்த வாரமும் நகராவிட்டால் அவனை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவதாக இயக்குநர் சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் கணவருக்கு அதே குளத்தில் ஆகாயத்தாமரை அள்ளும் வேலை. இந்தப் பக்கம் அள்ளி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் தழைத்து நிற்கும் சனியன். சாப்பிடும்போது மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"உன் ஆளுக்கு டாக்டரு, ஹீட்டரு, நறுக்கின பழம். ஒரு குட்டிக்கு வழியில்ல. என் செடியப் பாரு, வெட்ட வெட்டக் குடும்பம் பெருகுது. அதுக்குக் கெடைக்கிறது அரிவாள்தான்."

"அப்ப அந்தச் செடியவே கட்டிக்கிட்டிருக்க வேண்டியதுதானே," என்றாள் அவள்.

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முதுகுவலி என்று விடுப்புப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கேட்பாரில்லாத செடிக்குக் கொண்டாட்டம். காற்றும் தள்ளிவிட, தீவுகளுக்கு நடுவிலிருந்த குறுகிய இடைவெளியில் போய் மெத்தை மாதிரி அடைத்துக்கொண்டது.

லாரி வரும் நாளன்று கூண்டோடு போனவள், தீவு காலியாகக் கிடப்பதைப் பார்த்ததும் கூண்டைப் போட்டுவிட்டுக் கரையோரம் ஓடினாள். பிறகுதான் எதிர்த்தீவைப் பார்த்தாள். வயிறுவரை நனைந்த மகராசன் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்க, பெண் குரங்கு அவனுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே இயக்குநரிடம் ஓடினாள். அவர் லாரியைத் திருப்பி அனுப்பினார். அவன் போக வர அந்தச் செடிதான் வழி, அதில் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டார்.

உத்தரவோடு திரும்பியவள் கண்டது, இடுப்பளவு தண்ணீரில் கணவரை. இடைவெளியில் ஓர் இலை இல்லை.

"உன் புள்ள கெளம்புற நாளாச்சே. தண்ணியாவது சுத்தமா இருக்கட்டும்னு வந்தேன்," என்றார், முகத்தைப் பார்க்காமல்.

மகராசன் தீவின் ஓரத்துக்கு வந்தான். தண்ணீரைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். திரும்பிப் போய், பேன் பார்க்கச் சொல்லிப் பெண்ணுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

திட்ட வாய் திறந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து கணவருக்குக் கை கொடுத்தாள்.

"மேல ஏறி வாங்க. இனிமே அவனுக்கும் போக்கிடமில்ல, உங்களுக்கும் இல்ல."