மேற்கு அறைச் சூடு

வாசலில் வேன் நின்றதும் தாணப்பன் நெல் அறைக்குள் ஓடிப்போய், அங்கே கிடந்த வெள்ளைப் பெட்டியை எடுத்து மேற்கு அறை ஆணியில் மாட்டினார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. இந்த வீட்டுக்குப் பிளான் போட்ட ஆதிரா கொடுத்தது. அறையில் எவ்வளவு சூடு என்று மணிக்கொரு தடவை பச்சை விளக்கு மின்னி அதுவே குறித்துக்கொள்ளுமாம். சூட்டைக் குறிக்கிற சாமான் பேச்சைக் குறிக்காது என்று என்ன நிச்சயம்? துபாயில் இருக்கிற மகன் பத்மகுமார் ஏற்பாடு பண்ணின ஆள் ஆதிரா. தாணப்பனும் அவர் மனைவி அழகம்மையும் மருமகளைப் பற்றிப் பேசுவது இந்த அறையில்தான். அதனால் பதினோரு மாசமாகப் பெட்டிக்கு நெல் அறையில் வாசம். மாசாமாசம் ஒண்ணாந்தேதி ஆதிரா போன் பண்ணிவிட்டு வருகிற அன்றைக்கு மட்டும் ஆணிக்கு வரும்.

இன்று சொல்லாமல் வந்துவிட்டாள். பின்னால் அவளிடம் படிக்கிற பன்னிரண்டு பிள்ளைகள். வீடும் கட்டுவாள், காலேஜில் பாடமும் எடுப்பாள், ஆராய்ச்சியும் பண்ணுவாள். ஒரு வேலையை ஒழுங்காகப் பார்க்கிறவளுக்கு மூன்று எதற்கு என்பது தாணப்பனின் கட்சி.

ஆதிரா மேற்குச் சுவரைத் தட்டினாள். "ரெட்டைச் சுவரு, நடுவுல காத்து. சித்திரை வெயில்லயும் இந்த ரூம் இருபத்தெட்டு டிகிரியைத் தாண்டல. கடக்கரையில கெட்டப்போற நாப்பது வீட்டுக்கும் இதே சுவருதான்."

தாணப்பனுக்கு முதுகில் வியர்வை வழிந்தது. இந்த அறையில் சூடு தாங்காமல் மாசியிலிருந்து அவர் கட்டில் போட்டுப் படுப்பது முற்றத்தில். குறை சொன்னால் மகன் காதுக்குப் போகும் என்று வாயைத் திறக்கவில்லை. ஆனால் நாற்பது வீடு. அந்த ஜனங்களுக்குக் கட்டில் போட முற்றம் ஏது?

"பிள்ள, அந்தக் கணக்கு கள்ளம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். "பெட்டி கள்ளம் சொல்லுமா மாமா?" என்றாள் ஆதிரா.

"அது சொல்லாது. நானாக்கும் சொல்ல வச்சேன். குளுந்து கெடக்குற நெல்லறையில போட்டிருந்தேன். நீ வாற அன்னைக்கு மட்டும் இங்க மாட்டுவேன்."

அடுக்களை வாசலில் நின்ற அழகம்மைக்குப் பொறுக்கவில்லை. "அது ஒட்டுக் கேக்காதுன்னு தலப்பாடா அடிச்சுச் சொன்னேன். கேட்டாலும் இவரு பேச்சுல அதுக்கு என்ன கிட்டப்போவுது?"

ஆதிரா லேப்டாப்பைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள்.

"மாசாமாசம் ஒண்ணாந்தேதி மட்டும் அஞ்சு டிகிரி ஏறியிருக்கு மாமா. நாங்க உள்ள வந்து நின்னதால ஏறுன சூடுன்னு ரிப்போர்ட்டுல எழுதி அனுப்பிட்டேன்."

"இங்க ஒரு நா படுத்துப் பாத்தியா நீ?"

கேட்ட பிறகுதான் கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டதோ என்று தோன்றியது. ஆதிரா பிள்ளைகளைத் தென்னை நிழலுக்கு அனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டு, அறையில் சும்மா கிடந்த பெரிய கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மணி மூன்றாகப் போகிறது.

தாணப்பன் ஃபேன் சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

"போடாண்டாம் மாமா."

நீட்டின கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். பிறகு கட்டிலின் மறுகோடியில் அவரும் உட்கார்ந்தார். அவள் நோட்டில் நேரத்தை எழுதினாள். மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்து எழுத்து பரவியது. துடைக்கவில்லை. திரும்பி, மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கின சோற்றுப்பானை மாதிரி சுடும் என்று அவருக்குத் தெரியும். அவள் கையை எடுக்கவில்லை. தலைக்கு மேலே ஆணியில், பெட்டியின் பச்சை விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது.