கேட்டைச் சாத்துடா, இருபத்தேழு

ராஸ்மஸ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியான கொக்குகள் அந்த வருஷம் வாங்கிய அடியை ஒரே வரியில் சொல்லிவிடலாம். 52-7, 61-10, 48-0, 55-13, 63-14. இதில் பெரிய எண்ணெல்லாம் எதிராளியுடையது. சின்ன எண்ணை வைத்துக்கொண்டுதான் நெப்ராஸ்காவின் இந்த மூலையில் பன்னிரண்டாயிரம் பேர் சனிக்கிழமைதோறும் சாம்பல் நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறார்கள். வெட்கம் மானம் உள்ளவன் வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பான். வெட்கம் மானமெல்லாம் பார்த்தால் ரசிகனாக இருக்க முடியுமா?

லைல் நோவாக் இருபத்தாறு வருஷ ரசிகன். வாரம் முழுக்கத் தானியக் கிடங்கில் இயந்திரம் பழுது பார்ப்பான். சனிக்கிழமை காலை ஒன்பதுக்கெல்லாம் மைதானத்துக்கு வெளியே, வண்டிகள் நிறுத்தும் ஒன்பதாம் திடலில், பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கி, ஆட்டத்துக்கு முன் சமைத்துச் சாப்பிட அடுப்பைப் பற்றவைத்துவிடுவான். கூடவே அவன் அக்கா ரோண்டா. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். பிள்ளைகளை அதட்டி அதட்டி அதே குரலில்தான் ஊரோடும் பேசுவாள். மூன்றாவது ஆள் ஆர்னி, விதை வியாபாரி. வேலை வெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாய் மட்டும் ஓயாது.

"போன வாரம் நம்ம டிஃபென்ஸ் அவங்களை ஒரே ஒரு தடவைதான் தடுத்து நிறுத்துச்சு. எப்பன்னு கேளு," என்றான் ஆர்னி.

"எப்ப?"

"தேசிய கீதம் பாடுறப்ப."

"கொக்குக்கு ஒண்ணே மதின்னு சொல்லுவாங்க. நம்ம கொக்குக்கு அந்த ஒண்ணும் இல்ல," என்று ரோண்டா கறியும் பீன்ஸும் கொதிக்கும் சில்லிப் பானையைக் கிளறினாள். "எதிராளி பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுறான். இவனுங்க ஓரமா நின்னு வழி விடுறானுங்க. நான் பஸ்ஸை நிறுத்திச் சிவப்பு விளக்கைப் போட்டா லாரிக்காரனே நிக்கிறான். அந்த அளவுக்குக்கூட இவனுங்களால ஒருத்தனை நிறுத்த முடியல."

லைல் வாயைத் திறக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் திறந்த வாயே போதும் என்று ஆகியிருந்தது.

உள்ளூர் ரேடியோவில் திங்கட்கிழமை சாயங்காலம் ஆட்டத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் போன் போட்டுப் பேசலாம். லைலும் பேசுவான், 'கிடங்குக்காரன்' என்ற பெயரில். அன்றைக்கு அவன் ஒரு பெரிய கண்டுபிடிப்போடு வந்தான். நாம் தோற்ற ஆட்டங்களில் எதிராளி நீளமாக ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தது பத்தொன்பது தடவை. டிவியில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறார்களே, அதில் பதினான்கு தடவை ஓடுகிறவனுக்குப் பின்னால், இரண்டு கை தூரத்தில், அவனைப் பிடிக்காமல் விட்டுவிட்டு ஓடி வருவது ஒரே ஆள்: இருபத்தேழாம் எண். "அந்தப் பையன் கேட்டைத் திறந்து போட்டுட்டுப் பின்னாடியே ஓடுறான். யாராவது அவன்கிட்ட கேட்டைச் சாத்தச் சொல்லுங்க," என்றான் லைல். நிகழ்ச்சி நடத்துகிறவர் விழுந்து விழுந்து சிரித்தார். லைலுக்குத் தலைகால் புரியவில்லை.

மறு சனிக்கிழமையே மைதானத்தில் அட்டைகள் முளைத்துவிட்டன. அதற்கடுத்த சனிக்கிழமை மாணவர்கள் பாட்டாகவே கட்டிவிட்டார்கள்: "கேட்டைச் சாத்துடா, இருபத்தேழு." எதிராளி ஓட ஆரம்பித்தால் போதும், கை தட்டிக்கொண்டு பாடுவார்கள். தன் சொல்லை ஆயிரம் பேர் பாடுகிறார்களே என்று முதலில் லைலுக்கு உச்சி குளிர்ந்தது; மறைக்க என்ன இருக்கிறது?

அன்று காலை பக்கத்து இடத்தில் ஒரு பழைய வண்டி வந்து நின்றது. மாட்டைக் கொண்டுபோகிற நீளமான வண்டி, பின்பக்கம் காலி. இறங்கியவர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். தூரத்து மணல்மேட்டுப் பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரர் என்று தொப்பியைப் பார்த்தாலே தெரிந்தது. குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு தனியாக நின்றவரை ரோண்டா விடவில்லை.

"இங்க வாங்க. ஒரு கிண்ணம் சில்லி சாப்பிடுங்க. இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் இருக்கு, சூடு ஆறல."

லைல் காபி ஊற்றிக் கொடுத்தான். "சர்க்கரை போடட்டுமா? எங்கேருந்து வர்றீங்க?"

அவர் லைலின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "அஞ்சு மணி நேரத் தூரம். என் பேர் ராய்ஸ் டெல்லிங்கர். என் பையன் ஆடுறான்."

"எந்த எண்?" என்றான் ஆர்னி.

"இருபத்தேழு."

ஆர்னி பிறந்ததிலிருந்து அன்றுதான் முதல்முறையாகப் பேச்சில்லாமல் நின்றான்.

ராய்ஸ் கோட்டின் பொத்தானைக் கழற்றிக் காட்டினார். உள்ளே சாம்பல் சட்டை, அதில் 27. "இதைப் போட்டுக்கிட்டு வெளிய தெரியுற மாதிரி நடக்க முடியல. போன வாரம் பெட்ரோல் பங்குல ஒருத்தன் என் கார்ல ஒட்டியிருக்குற 27-ஐப் பார்த்துப் பாடுறான்." சில்லியை ஒரு வாய் சாப்பிட்டார். "எங்க பக்கம் ஒருத்தனைத் திருடன்னுகூடச் சொல்லலாம். கேட்டைத் திறந்து போட்டவன்னு மட்டும் சொல்லக் கூடாது. கேட்டு திறந்து கிடந்தா முந்நூறு மாடு ரோட்டுக்குப் போயிடும். கோல்பி நாலு வயசுலேருந்து கேட்டு சாத்துறான். ஒருநாள் மறந்ததில்ல."

"இப்ப எப்படி இருக்கான்?" ரோண்டாவின் குரல் தணிந்திருந்தது.

"ஆட்டத்தை விட்டுடறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டான். இதான் கடைசி. முடிஞ்சதும் அவன் கட்டில், பொட்டி எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போகத்தான் இந்த வண்டியைக் கொண்டுவந்தேன்."

ரோண்டா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். 'கிடங்குக்காரன்' யாரென்று அவளுக்குத் தெரியும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை சௌக்கியமாக இருக்க, கெட்டது வேறொருவன் பிள்ளை. லைல் குனிந்து அடுப்பைத் தேவையில்லாமல் துடைத்தான்.

ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ராய்ஸ் கிளம்பவில்லை. ஆட்டக்காரர்களின் வீட்டார் உட்காரும் இடத்துக்குப் பின்னாலேயே மாணவர்கள், அங்கே போனால் பாட்டுதான் என்றார். உடனே ஆர்னி தன் டிக்கெட்டை நீட்டினான். "லைல் பக்கத்து சீட்டு. எனக்கு இங்கேயே ரேடியோ போதும். அடி வாங்குறதைக் கண்ணால வேற பார்க்கணுமா?"

அப்படித்தான் லைல் நோவாக் தான் திட்டிய பையனின் தகப்பனுக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார நேர்ந்தது.

எதிராளி பெரிய கல்லூரி. பையன்கள் ஒவ்வொருவனும் குளிர்பதனப் பெட்டி அளவு இருந்தான். இரண்டாவது நிமிஷமே ஒருவன் வலது ஓரமாகப் பந்தோடு கிளம்பினான். கூட்டம் எழுந்தது, லைலும் எழுந்தான். ராய்ஸ் மட்டும் மைதானத்தின் இடது கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டம் அந்தப் பக்கம் நடக்குது," என்றான் லைல்.

"எனக்குப் பந்து எங்கன்னு தெரியாது. நான் அவனை மட்டும்தான் பார்ப்பேன்."

அடுத்த தடவை லைலும் அவர் பார்க்கும் இடத்தையே பார்த்தான். இருபத்தாறு வருஷத்தில் பந்து இல்லாத இடத்தை அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கோல்பி டெல்லிங்கர் இடது கோடியில் நின்றான். அவன் காவல் காக்க வேண்டிய இடம் அது; அந்தப் பக்கம் எதிராளி வரவே இல்லை, வந்தால் நடக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எல்லா ஓட்டமும் வலது பக்கம்தான். அங்கே காவலுக்கு நின்ற இரண்டு பேரும் தும்பை விட்டார்கள். ஒருவன் விழுந்தான், ஒருவன் தப்பான பக்கம் ஓடினான். அப்போது இந்தப் பையன், யாரும் சொல்லாமலே, மைதானத்தின் அகலம் முழுவதையும் குறுக்காகக் கடந்து ஓடினான். எதிராளி எங்கே போவான் என்று கணக்குப் போட்டு அந்த இடத்துக்கு ஓடினான். நாற்பது கெஜம் ஓடிப் போய் அவன் இடுப்பைப் பிடித்துச் சாய்த்தான். எழுந்து, எதிராளிக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டுத் திரும்ப இடது கோடிக்கு நடந்தான்.

டிவியில் போட்டுக் காட்டுவது கடைசி முப்பது கெஜம். அதில் பின்னால் ஓடி வருகிறவன் தெரிவான். கோட்டை விட்டவர்கள் அந்தப் படத்திலேயே இருக்க மாட்டார்கள். பதினான்கு தடவை இவன் பின்னால் ஓடினான் என்றால், பதினான்கு தடவை மற்றவர்கள் எல்லோரும் நின்ற பிறகும் இவன் நிற்கவில்லை என்று அர்த்தம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது இதுதான். அந்தப் பழியை எடுத்து அவன் தலையில் வைத்தது யார்?

"என்ன ஓட்டம் ஓடுறான்," என்று லைல் தன்னையறியாமல் சொன்னான். சும்மா சொல்லவில்லை, உண்மையிலேயே பிரமித்துப் போனான். அதற்குப் பிறகு பந்து எங்கே போனது, யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பதெல்லாம் அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. கோல்பி ஒவ்வொரு தடவையும் ஒருவனைப் பிடிக்கும்போது டிக்கெட்டின் பின்பக்கம் ஒரு கோடு போட்டான். பிடிக்க முடியாமல் போனபோதும் அந்தப் பையன் வேகத்தைக் குறைக்காததைப் பார்த்தான். முப்பத்தைந்து புள்ளி பின்தங்கியிருக்கும்போது எவன் இப்படி ஓடுவான்?

பாதி ஆட்டத்தில் 42-3. பாதிக் கூட்டம் சாலை நெரிசலுக்கு முந்திக்கொள்ளக் கிளம்பியது. மாணவர்கள் கிளம்பவில்லை, அவர்களுக்குப் பாட்டு இருந்தது. மூன்றாவது பகுதியில் எதிராளி மறுபடி ஓட, பாட்டு எழும்பியது. கேட்டைச் சாத்துடா, இருபத்தேழு. ராய்ஸ் தொப்பியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

லைலால் தாங்க முடியவில்லை. "அதை முதல்ல சொன்னது நான்தான். ரேடியோல பேசுன கிடங்குக்காரன் நான்."

"தெரியும்," என்றார் ராய்ஸ், மகனைப் பார்த்தபடியே. "அன்னைக்கு அந்த நிகழ்ச்சியை வண்டியிலதான் கேட்டேன். அந்தக் குரல் காதைவிட்டுப் போகல. நீங்க சர்க்கரை போடட்டுமான்னு கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா என் பக்கத்துல வந்து உக்காந்தீங்க?"

"சொன்னவர் நீங்க. அவன் போறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை அவனைப் பார்க்கணும்னு தோணுச்சு."

ரெண்டு அறை விட்டிருந்தால்கூட லைல் பொறுத்துக்கொண்டிருப்பான். டிக்கெட்டைக் கையில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

59-6. இரண்டு நிமிஷம் பாக்கி. எதிராளி தன் கடைசி வரிசைப் பையன்களை இறக்கிவிட்டிருந்தான். அதில் ஒருவன் வலது ஓரமாகத் தப்பினான். கொக்குகள் எல்லாம் நின்றுவிட்டார்கள். ஒருவன் இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்தான். ஆட்டம் செத்துப்போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, இனி எவனும் ஓட வேண்டிய அவசியமே இல்லை. இடது கோடியிலிருந்து இருபத்தேழு கிளம்பினான். முதல் நிமிஷம் எப்படி ஓடினானோ அப்படியே ஓடினான். அறுபது கெஜம் துரத்தி, கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் அவனை மைதானத்துக்கு வெளியே தள்ளி வீழ்த்தினான். அடுத்த முயற்சியிலேயே அவர்கள் எளிதாகப் புள்ளி எடுத்துவிட்டார்கள், 66-6 என்று பலகை மாறியது. அந்த ஒரு கெஜத்தால் எந்தப் பயனும் இல்லை. லைல் எழுந்து நின்று கை வலிக்கத் தட்டினான். கண்ணில் நீர் கோத்தது. குளிர் என்று யாரிடமும் சாக்குச் சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்தால் ஆட்டக்காரர்கள் ஒரு கம்பி வேலியை ஒட்டி உடை மாற்றும் கட்டடத்துக்கு நடந்துபோவார்கள். ஜெயித்தால் அங்கே நிற்க இடம் இருக்காது. அன்றைக்கு லைலும் ராய்ஸும், தேடிக்கொண்டு வந்த ரோண்டாவும், அட்டையோடு நாலைந்து மாணவர்களும்தான் நின்றார்கள். கோல்பி தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்தான். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. முகத்தைப் பார்த்தால் பிள்ளை.

மாணவன் ஒருவன் வாயைத் திறந்தான். "பாடுனே, மவனே, அட்டையைப் பிடுங்கி அடுப்புல போட்டுடுவேன்," என்றாள் ரோண்டா. அது பஸ்ஸில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற குரல். அவன் மூடிக்கொண்டான்.

லைல் வேலியைப் பிடித்துக்கொண்டான். "தம்பி, உன்னைக் கேட்டைத் திறந்து போட்டவன்னு ரேடியோல சொன்னது நான். தப்பு என்னோடது. கேட்டைத் திறந்து போட்டவங்க வேற. நீ ஓடிப்போய்ச் சாத்துனவன். இன்னைக்குத்தான் ஒழுங்காப் பார்த்தேன். மத்தவங்க விட்ட ஆளை, மறுகோடியிலேருந்து ஓடி வந்து நீ ஒன்பது தடவை பிடிச்சே." டிக்கெட்டைக் காட்டினான். "திங்கட்கிழமை இதை என் சொந்தப் பேரைச் சொல்லி ரேடியோல சொல்லப்போறேன்."

கோல்பி நின்றான். லைலைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், கடைசியில் வேலிக்கு மேலே கையை நீட்டி டிக்கெட்டை வாங்கிக் கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினான். மன்னித்த முகம் என்று சொல்ல முடியாது.

"பத்து," என்றான்.

"என்னது?"

"ஒன்பது இல்ல, பத்து. ரெண்டாவது பகுதியில, பாதி ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஒண்ணு. நீங்க பந்தைப் பார்த்திருப்பீங்க." டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தான். "சொல்றதுன்னா சரியாச் சொல்லுங்க."

பிறகு அப்பா பக்கம் திரும்பினான். "அடுத்த சனிக்கிழமை இந்த மாடு ஏத்துற வண்டியை எடுத்துக்கிட்டு வராதீங்கப்பா. நாத்தம் தாங்கல. கார்லயே வாங்க."