சாம்பல் குஞ்சுகள்

என் கணவரின் அண்ணனைப் பார்த்தால், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்றுதான் தோன்றும். வீட்டில் எல்லோருக்கும் அவர் 'பெரியவர்'. மீன் கொட்டகை அவருடையது. அதில் மாடாய் உழைப்பவர் இவர், என் வீட்டுக்காரர்.

மூலையில் நாலு தொட்டி மட்டும் எங்களுக்கு. அதில் இவர் ஒரு கப்பி மீன் வகையை உருவாக்கிக்கொண்டிருந்தார். உடம்பு முழுக்கச் சிவப்பு, விசிறி வால். அந்த அழகெல்லாம் ஆணுக்குத்தான். பெண் மீனுக்கு வயிறு ஒன்றுதான் பெரிசு. குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததுமே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுவார். பெண் தொட்டிக்கு மூடி உண்டு. ஒரு தடவை கண்ட ஆணோடு சேர்ந்தால் போதும், அந்த விதையை வயிற்றில் வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் அதன் குஞ்சுகளையே போடும்.

மொத்த வியாபாரி ஒருத்தர் பார்த்து மயங்கிப்போனார். அடுத்த ஈற்றும் கலப்பில்லாமல் சுத்தமாக வந்தால் தன் பழைய கிடங்கைத் தருவதாகவும், அங்கேயே குடியிருந்து மீன் வளர்த்துக் கொடுக்கலாம் என்றும் சொன்னார். தனிக்குடித்தனம்! அடுப்பை எங்கே வைப்பது என்பதுவரை நான் யோசித்துவிட்டேன்.

வந்த ஈற்று நிறம் பிடித்தபோது ஆண்களிலேயே முக்கால்வாசி சாம்பல். கொசுவுக்காகச் சாக்கடையில் விடுவார்களே, அந்தக் கப்பியின் நிறம். வியாபாரி உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். பழி என் தலையில் விழுந்தது. தண்ணீர் மாற்றுகிறவள் நான்தானே, கழுவாத வலையோடு ஒரு பொடி ஆண் உள்ளே போயிருக்கும் என்றார் இவர். அதன்பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கழுவாத வலையை நான் தொட்டதே கிடையாது. யாரிடம் போய்ச் சொல்ல?

சாம்பல் குஞ்சுகளைத் தன் பெரிய மீன்களுக்கு இரையாகக் கொண்டுவரச் சொன்னார் பெரியவர். வாளியோடு போனேன். வலையைத் துடைத்துக்கொண்டே, சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில் சொன்னார்.

"வலை மேல தப்பில்லம்மா. ஒரே ஒரு மத்தியானம் சாக்கடை ஆண் ஒண்ணை உள்ள விட்டு எடுத்தேன். நீங்க போயிட்டா இங்க யாரு தொட்டி கழுவுறது?"

வாளியோடு திரும்பினேன். வாசலில் இவர். எல்லாவற்றையும் கேட்டிருந்தார், முகம் வெளுத்துப்போயிருந்தது. இனி இந்தக் கொட்டகை ரெண்டாகும் என்று நினைத்தேன்.

இவர் உள்ளே வந்து என் கையிலிருந்த வாளியை வாங்கினார்.

"வலையைக் குடுங்கண்ணே, நானே போடுறேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ போய் அண்ணனுக்கு டீ போட்டு எடுத்துட்டு வா" என்றார்.