பிடித்துவிடு

'ஏழாம் மதில்' விளையாட்டுக்குப் பத்துக்கு நான்கு மதிப்பெண் போட்டிருந்தேன். காலை பத்து மணிக்கு மதிப்புரை வெளியாக வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் முன்னால்கூட வெளியிடக் கூடாது என்று விளையாட்டை உருவாக்கியவர்கள் எல்லா விமர்சகர்களிடமும் எழுதி வாங்கியிருந்தார்கள். பிந்தினாலும் பிரயோசனமில்லை, வாசகர்கள் வேறு தளத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் கட்டுரையை முந்தைய நாளே எங்கள் தளத்தில் ஏற்றி, நேரம் குறித்து வைத்துவிட்டோம்.

எட்டரை மணிக்கு நான் மறுபடி விளையாட்டுக்குள் போனதற்குக் காரணம் ஒரு படம். கட்டுரையில் மூன்றாம் பத்திக்குப் பக்கத்தில் ராட்சதன் படம் மங்கலாக இருந்தது. தெளிவாக ஒன்று எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

இது இணையத்தில் பலர் கூடி ஆடும் மாயாஜால விளையாட்டு. இப்படிப்பட்டவற்றை வெளியிடுவதற்கு முந்தைய வாரம் விமர்சகர்களுக்காகத் தனி சர்வர் ஒன்றைத் திறப்பார்கள். பல்லாயிரம் பேருக்காகக் கட்டிய நகரத்தில் பதினைந்து பேர் நடமாடுவோம். சந்தையில் நாற்பது கடைகள் கூவிக்கொண்டிருக்கும், வாங்க ஆளிருக்காது. எதிரில் யாராவது வந்தால் கை காட்டாமல் போக மனசு வராது. அப்படிக் கை காட்டிப் பழக்கமானவள்தான் ஊசி. வேறொரு தளத்துக்கு எழுதுகிறாள். அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றும் மருத்துவச்சி வேடம் அவளுக்கு, அதனால் அந்தப் பெயர். நாக்குக்கும் பொருந்தும். எதையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்பதால் அவள் எனக்கு வைத்த பெயர் ஸ்கேல்.

மூன்றாம் மதில் வாசலில் கதாயுதத்தோடு நிற்கும் ராட்சதனையும் அளந்திருந்தேன். திரை ஒரு விநாடிக்கு அறுபது படங்களை வரைகிறது. செல்போன் கேமராவைப் புத்தக அடுக்கின் மேல் நிறுத்தி, மெதுவாக ஓடும்படி படம்பிடித்து, ஒவ்வொன்றாக எண்ணினேன். அவன் கதையை ஓங்கி இறக்க நாற்பத்தெட்டு படங்கள், அதாவது முக்கால் விநாடிக்குச் சற்று மேல். கேடயம் மூன்று அடி தாங்கும், நான்காவதில் நொறுங்கும். திரும்ப முளைக்க நான்கு விநாடி. அதற்குள் அவன் இரண்டு முறை அடிப்பான். ஒரு அடிக்குப் பாதி உயிர். ஆகக் கேடயம் தூக்கியவன் சாவது உறுதி. இதை அட்டவணையாகவே போட்டிருந்தேன். ஆசிரியர் அபூர்வமாக, "அட்டவணை அருமை" என்று செய்தி அனுப்பியிருந்தார்.

கட்டுரையின் கடைசியில் நிரல் பிழைகளின் பட்டியல். அதில் ஒன்று: 'சில சமயம் ராட்சதன் எந்தக் காரணமும் இல்லாமல் மல்லாந்து விழுகிறான். முப்பது மணி நேர ஆட்டத்தில் பதினொரு முறை.'

படம் எடுக்கப் போன இடத்தில் ஊசி நின்றிருந்தாள். நான் கேடயத்தைத் தூக்கினேன், மூன்று அடி வாங்கினேன், நான்காவதில் கேடயம் போயிற்று, நானும் போனேன். உயிர் ஏற்றி எழுப்பிவிட்டாள்.

"ஏய் ஸ்கேலு, என்ன பண்ணிக்கிட்டு இருக்கே?" ஹெட்செட்டில் அவள் குரல். "பஸ்ல கம்பியைப் பிடிச்ச மாதிரி கேடயத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே?"

"கேடயம்னா பிடிக்கத்தானே?"

"விடணும்ப்பா!"

"எதை?"

"பட்டனை. அடி இறங்கற நேரத்துக்கு டக்குனு விடணும். இங்க பாரு."

கேடயத்தைத் தூக்கினாள். கதை தலைக்கு மேல் வந்ததும் தாழ்த்தினாள். ராட்சதன் மல்லாந்து விழுந்தான்.

"இதுவா?" என்றேன். "இதை நான் பிழைன்னு எழுதியிருக்கேனே."

அவள் சிரித்த சிரிப்பில் நான் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைக்க வேண்டியதாயிற்று. மடியிலிருந்தும் கேட்டது.

"எத்தனை தடவை விழுந்தான்னு எண்ணியிருப்பியே?"

"பதினொண்ணு."

"பதினொரு தடவை ஜெயிச்சுட்டுப் புகார் எழுதியிருக்கே! யோவ், ஸ்கிரீன்லயே போட்டிருக்கானே. ஹோல்ட், ரிலீஸ்னு."

"எனக்கு அப்படிப் போடலை. தமிழ்ல வேற மாதிரி போட்டிருக்கு."

அவள் ஆங்கிலத்தில் ஆடுகிறாள். நான் தமிழ்த் தளத்துக்கு எழுதுவதால் தமிழில் ஆடினேன். ராட்சதன் கதையை ஓங்கும்போது என் திரையின் கீழ்மூலையில், பட்டன் படத்துக்குப் பக்கத்தில், சின்னப் பெட்டிக்குள் ஒரு சொல் ஒளிரும்: பிடித்துவிடு.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 'பிடித்து', 'விடு' என்று பிரித்தால் இரண்டு வேலை. முதலில் பிடி, அப்புறம் விடு. சேர்த்து எழுதினால் ஒரே வேலை. 'முடித்துவிடு' என்றால் முடித்தே தீர வேண்டும், 'படித்துவிடு' என்றால் படிக்காமல் இருக்காதே. அப்படியே 'பிடித்துவிடு' என்றால் கெட்டியாகப் பிடி. 'விடு' என்ற சொல் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் விடாதே என்று பொருள். விரல் தானாக நழுவிய அந்தப் பதினொரு முறை தவிர, நான் முப்பது மணி நேரம் விடவில்லை.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றாள் ஊசி. "ஆனா வருஷம் பூரா சிரிப்பேன்."

மணி எட்டு ஐம்பது. போன வருடம் ஒரு கார்ப் பந்தய விளையாட்டில் இன்ஜினுக்குச் சத்தமே இல்லை என்று எழுதியிருந்தேன். ஹெட்போன் வயர் பாதிதான் சொருகியிருந்தது. அப்போது ஆசிரியர் சொன்னார், இன்னொரு முறை இப்படி நடந்தால் மதிப்பெண் போடும் வேலை வேறு ஆளுக்குப் போகும் என்று. கட்டுரையை யாரும் முழுதாகப் படிப்பதில்லை, எண்ணைத்தான் பார்ப்பார்கள். எண் போடுகிறவன்தான் விமர்சகன், மற்றவர்கள் எழுதுகிறவர்கள். ஒன்பது வருடமாக எண் என்னுடையது.

பேசாமல் இருந்துவிட ஒரு நியாயமும் கிடைத்தது. எங்கள் வாசகர்களும் தமிழில்தான் ஆடுவார்கள். அதே பெட்டியைத்தான் பார்ப்பார்கள். அவர்களும் என்னைப் போலவே படித்தால், அவர்கள் கையிலும் கேடயம் உதவாது, நான்கு சரியான மதிப்பெண்தான். இதைச் சோதித்துப் பார்க்க முடியும். அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

அக்கா மருந்துப் புட்டிகளின் லேபிள்களுக்கு மெய்ப்பு பார்க்கிறாள். வீடியோ கேம் ஆடியதே இல்லை.

"அக்கா, இதைப் படி."

"லேட் ஆகுதுடா."

"ஒரே வார்த்தைதான்."

செருப்பை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "பிடிச்சிடுன்னு போட்டிருக்கான். விட்டுடாதேங்கறான். எதை?"

கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். என்னைப் போலவே பிடித்தாள், என்னைப் போலவே செத்தாள். மூன்று முறை. எனக்கு மனசு லேசானது. நான்காவது முறை அவள் ஆட்டத்தைக் கவனிக்காமல் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், லேபிளைப் பார்ப்பது போல ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். 'து'வுக்கும் 'வி'க்கும் நடுவே நகத்தை வைத்தாள்.

"இங்க இடம் விட்டிருந்தானோ?"

"எப்படித் தெரியும்?"

"காது மருந்துக்கு இதே கூத்து. 'தலையைச் சாய்த்து விடவும்'னு இருந்தது. சாய்ச்சுக்கிட்டு, சொட்டு விடணும். அச்சுல சேர்த்துட்டாங்க. தலையைச் சாய்த்துவிடவும்! நல்லவேளை, நான் பார்த்தேன். இல்லேன்னா ஊர்ல எத்தனை தலை சாஞ்சிருக்குமோ."

நகத்தை எடுத்துவிட்டு மறுபடி ஆடினாள். பிடித்தாள், விட்டாள். இரண்டாம் முயற்சியில் ராட்சதன் மல்லாந்தான்.

"இவ்வளவுதானா?" என்று கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்தாள். "இதுக்கா முப்பது மணி நேரம் கதவைச் சாத்திக்கிட்டு இருந்தே?"

அவள் போன பிறகு அட்டவணையைத் திறந்தேன். ஒரு எண்கூடத் தவறில்லை. நாற்பத்தெட்டு நாற்பத்தெட்டுதான். ஆனால் அது பட்டனை விடாத ஒருவனை அளந்த அட்டவணை. தலைப்பில் 'கேடயம்' என்று இருந்தது.

ஒன்பது இருபதுக்கு ஆசிரியரைக் கூப்பிட்டு முழுவதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி, நம்ம வாசகரும் இதையேதானே பார்க்கப்போறாரு? தப்பு அவங்க பேர்ல. நாலு இருந்துட்டுப் போகட்டும், விட்டுடுங்க."

"அட்டவணை தப்பு மேடம். நான் அளந்தது கேடயத்தை இல்ல, என் விரலை."

"மாத்தி எழுத நேரமிருக்கா?"

"எண் போடணும்னா முதல்லேருந்து ஆடணும். இன்னும் முப்பது மணி நேரம்."

"போன வருஷம் நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு மேடம்."

"இருந்துமா சொல்றீங்க?" கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "திறந்து வெச்சிருக்கேன். நீங்களே சொல்லுங்க. இருக்கட்டுமா, எடுக்கட்டுமா?"

"எடுத்துடுங்க."

"எண்ணுக்கு ஆளை மாத்தறேன். அதுல பேச்சில்ல."

"சரி மேடம்."

பத்து மணிக்கு மற்ற தளங்களில் எண்கள் வந்தன. எங்கள் தளத்தில் வந்தது ஒன்பது வரி. கேடயத்தை எப்படிப் பிடிப்பது, எப்போது விடுவது, திரையில் தெரியும் சொல்லை ஏன் பிரித்துப் படிக்க வேண்டும், நான் எப்படி ஏமாந்தேன். மதிப்பெண் கட்டத்தில் ஒரு கோடு. முதல் கருத்து ஊசியுடையது: 'பதினொரு முறை வென்ற வீரருக்கு வாழ்த்துகள்.'

அடுத்த வாரம் புதிதாகச் சேர்ந்தவர் ஆடி முடித்து எட்டு போட்டார். சரியான எண்தான். நானும் அதைத்தான் போட்டிருப்பேன்.

உருவாக்கியவர்களிடமிருந்து ஒரு விளக்கமும் வந்தது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அந்தச் சின்னப் பெட்டிக்குப் பன்னிரண்டு எழுத்துதான் கொள்ளளவு. ஆங்கிலத்தில் இரண்டு சொல்லும் நடுவில் ஒரு கோடுமாகச் சேர்ந்து சரியாகப் பன்னிரண்டு. தமிழில் 'பிடித்துவிடு' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. இயந்திரம் அப்படி எண்ணுவதில்லை. 'பி' என்றால் ப ஒன்று, மேலே சுழி ஒன்று. 'த்' என்றால் த ஒன்று, புள்ளி ஒன்று. ஆறும் இரட்டித்துப் பன்னிரண்டு. மொழிபெயர்த்தவர் நடுவில் இடம் விட்டுத்தான் கொடுத்திருக்கிறார். இடத்துக்கும் ஒன்று, ஆக பதிமூன்று. பெட்டி சிவப்பாக ஒளிர்ந்திருக்கிறது. தமிழ் தெரியாத யாரோ, எழுத்தைத் தொடுவதற்குப் பயந்து, வெறும் இடம்தானே என்று அதை எடுத்துவிட்டார்.

திருத்தி அனுப்பிவிட்டோம், இப்போது காற்புள்ளியும் உண்டு என்று கடிதம் முடிந்தது. விளையாட்டைத் திறந்தேன். ராட்சதன் கதையை ஓங்கினான். பெட்டி ஒளிர்ந்தது: பிடித்து, வி

காற்புள்ளி, இடம் எல்லாம் சேர்த்தால் பதினான்கு. பன்னிரண்டோடு வெட்டியிருக்கிறது.

வேலை முடிந்து வந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். உட்கார்ந்து சிரித்தாள். பிறகு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள், ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு விரல்.

"ஏன்டா, 'பிடி, விடு'ன்னு போட்டா?"

நானும் எண்ணினேன். பத்து. அன்றே எழுதி அனுப்பினேன், இரண்டு இடம் மிச்சம் இருப்பதையும் குறிப்பிட்டு.