பால்மாப் பெட்டியின் வெள்ளித்தாள்

காலை ஐந்தே முக்காலுக்கு ஒயில் இன்னும் சூடாகவே இருந்தது.

ஹஸ்மி கராஜ் குழிக்குள் நின்றபடி, மேலே நிறுத்தியிருந்த வான் வண்டியின் அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றினான். கறுத்த ஒயில் அவன் விரல்களைச் சுட்டுக்கொண்டு பழைய தாச்சிச் சட்டிக்குள் விழுந்தது. இரவு ஷிப்ட் முடிந்த கார்மென்ட்ஸ் பெண்களைக் கிண்ணியாவில் இறக்கிவிட்டு நேரே கராஜுக்கு வந்த வான். "உள்ளுக்குள்ள ஆரோ சுத்தியலால தட்டுறான். பிடிச்சு வெளியில விடுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சாரதி தேத்தண்ணிக் கடைக்குப் போயிருந்தான்.

ஹஸ்மி தாச்சியை விளக்கின் கீழே சாய்த்தான். தேய்ந்த உலோகத்தின் பொடி ஒயிலின் மேல் மீன் செதிள் போல மினுமினுத்து ஓடியது.

"வெள்ளி ஓடுது."

குழியின் விளிம்பில் குந்தியிருந்த சிந்துஜன் எட்டிப் பார்த்தான். "அள்ளி வை மச்சான். கொலுசு செய்யலாம்."

இருவரும் சிரிக்கவில்லை. கூட வேலை செய்த பாயிஸ் கடைசியாகத் திறந்த வானிலும் இதே வெள்ளிதான் ஓடியது.

எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தொட்டியான சம்பை இறக்கி, கொன்ரொட்டின் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். சுழல்கிற கிராங்குக்கும் அதைத் தள்ளுகிற ரொட்டுக்கும் நடுவே பிறை வடிவில் மெல்லிய தகடு ஒன்று கிடக்கும். அதுதான் பேரிங். இரும்பை இரும்பு தொடக் கூடாது. நடுவில் ஒயில் மட்டும் மயிரிழை அளவுக்கு நிற்க வேண்டும். அந்த இழை பெருத்தால் தட்டும். தட்டத் தட்ட இன்னும் பெருக்கும். பிறகு ஒரு நாள் ரொட் முறிந்து எஞ்சினின் விலாவைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

மூன்றாவது பேரிங் செம்பு தெரியத் தேய்ந்திருந்தது. ஹஸ்மி அதை நகத்தால் நெம்பினான். பின்பக்கத்தில் ஒட்டிக் கிடந்தது, பால்மாப் பெட்டிக்குள் வரும் வெள்ளித்தாள்.

போன முறை அவர்களே வைத்த தாள்.

அந்தக் கராஜின் வழக்கம் அது. புதுப் பேரிங் வாங்க முதலாளி விடமாட்டார். தேய்ந்ததைக் கழுவி, பின்னால் தாள் கொடுத்து மூடச் சொல்வார். இடைவெளி குறையும், சத்தம் அடங்கும், வண்டிக்காரன் கைகுலுக்கிவிட்டுப் போவான். தாளை முதலாளி கனகசுந்தரமே வெட்டுவார். அளவு தனக்கு மட்டுந்தான் தெரியும் என்பார்.

இன்னொரு வழக்கமும் அவர் போட்டதுதான். எஞ்சினை மூடியவனே முதல் ஓட்டம் போக வேண்டும். எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் மேடு வரை போய்த் திரும்பி வர வேண்டும். அப்போதுதான் வேலையில் பயம் இருக்குமாம்.

போன மாதம் பாயிஸ் அப்படி ஓட்டிப் போனான். மேடு ஏறும்போது ரொட் முறிந்தது. சீறிய ஒயில் சூடான புகைக் குழாயில் பட்டுப் பற்றிக்கொண்டது. அவனுடைய வலது கை தோளிலிருந்து கட்டுப் போட்டுக் கிடக்கிறது. ஸ்பனர் பிடித்த கை.

ஹஸ்மி நிமிர்ந்து பார்த்தான். இந்த வானில் எஞ்சின் முன் ஆசனத்துக்கு நேர் கீழே. அவனுடைய அக்கா ஸல்ஹா ராத்தா இதே வானில் பின்னேர ஷிப்டுக்குப் போகும்போது அந்த ஆசனத்துக்குத்தான் மற்றவர்களோடு அடிபடுவாள். சூடு இடுப்பு நோவுக்குச் சுகமாம்.

கனகசுந்தரம் வந்தார். ஒரு கையில் சின்னக் கத்தரிக்கோல், மற்றக் கையில் வெள்ளித்தாள்.

"திறந்தாச்சோ?"

"இது தாளுக்கு நிக்காது முதலாளி. கிராங்கே கீறுப்பட்டுப் போச்சு. எஞ்சினை இறக்கோணும்."

"பின்னேரம் ஷிப்ட் ஓடோணும். வான் நிண்டால் கொன்ராக்ட் போச்சு. நீ என்ன டொக்டரோ, கண்ட உடன ஒப்பரேஷன் எண்டு சொல்ல?"

"பாயிஸ்ட வானும் இப்பிடித்தான் முதலாளி..."

"பாயிஸ் போல்ட்டை ஒழுங்கா இறுக்கேல்ல." கத்தரி தாளைக் கடித்தது. "பொலிஸ் வந்தாலும் நான் அதைத்தான் சொல்லுவன். நீங்களும் அதைத்தான் சொல்லப் போறீங்கள்."

கூரைத் தகரத்துக்கு மேலால் விமானம் ஒன்று தாழப் போனது. சுவரில் தொங்கிய ஸ்பனர்கள் ஒன்றோடொன்று நடுங்கின.

"இந்தா." முதலாளி தாளைக் குழிக்குள் நீட்டினார். ஹஸ்மி கையை நீட்டவில்லை.

"கை நோகுதோ? கந்தளாயில நான் கூப்பிட்டால் வர ஆள் நிக்குது. சிந்துஜன், நீ இறங்கு."

"எனக்குக் காலமை தொட்டு வயித்துக்குள்ள ஒரு தட்டல், முதலாளி. தாள் வைச்சால் நிக்குமோ தெரியாது."

வெல்டிங் பக்கத்தில் யாரோ சிரித்தான். உடனே அடக்கிக்கொண்டான்.

"நான் வைக்கிறன்."

ஜெமீல் நானா. கராஜில் எல்லோருக்கும் மூத்தவர். முதலாளியை எதிர்த்து ஒரு கதையும் கதைத்தறியாதவர். தாளை வாங்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். ஹஸ்மி சுவரோரமாக விலகி நின்றான்.

ஜெமீல் நானா விளக்கைக் கிட்டப் பிடித்தார். கிராங்கின் மேல் நகத்தை ஓட்டினார். நகம் கீறலில் தடக்கி நின்றது. திரும்பவும் ஓட்டினார். பிறகு, தாளோடேயே மேலேறி வந்தார்.

"பாயிஸ்ட போல்ட்டை அண்டைக்கு நானும் அவனோட நிண்டுதான் இறுக்கினனான் முதலாளி. அளவுக்கு இறுகித்தான் இருந்திச்சு. பொலிஸ் கேட்டால் என்னையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

கனகசுந்தரம் வாய் திறக்குமுன் குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. தன் குரல்தான் அது என்று ஹஸ்மிக்குப் பிறகுதான் விளங்கியது.

"தாளைப் பிடிச்சுக் குடுத்தது நான்."

"ஒயில் ஊத்தினது நான்." சிந்துஜன் எழுந்து நின்றான்.

வெல்டிங் பொறி நின்றது. அங்கிருந்தவர்களும் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக்கொண்டு வந்தார்கள். கையிலிருந்த சாமான்களைக் குழியின் விளிம்பில் வைத்தார்கள். இரும்பு சீமெந்தில் பட்ட ஒலி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது.

"எல்லாரையும் வேலையை விட்டு வெளியில விடுவன். விளங்குதோ?"

"ஓம், விளங்குது" என்றான் சிந்துஜன்.

முதலாளியின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. தேத்தண்ணிக் கடையிலிருந்து திரும்பிய சாரதி வாசலிலேயே நின்றுவிட்டான்.

ஜெமீல் நானா வானின் முன்கதவைத் திறந்தார். வெள்ளித்தாளை எஞ்சினுக்கு மேலிருந்த ஆசனத்தில் விரித்து வைத்தார். கதவை அகலப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்கள் சொன்ன மாதிரியே தாள் வைச்சு மூடித் தாறம். போல்ட்டையும் நீங்களே இறுக்கிப் பாருங்கோ. ஆனால் இண்டைக்கு முதல் ஓட்டம், தாள் வெட்டின ஆள் போகட்டும். மேடு மட்டுந்தானே. ஏறுறீங்களோ, முதலாளி?"