கட்டைவிரல் இருந்த இடம்

கிருபாநிதி அந்தக் காரை வாங்கியபோது அதன் பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவர் விட்டுப்போன வண்டி. பெட்ரோல் கிடைக்காத காலம் முழுவதும் கொட்டகையில் கல்லை முட்டுக்கொடுத்து நிறுத்திவைத்திருந்தார்கள். ஐந்தாறு வருஷத்து உப்புக்காற்று சும்மா விடுமா? அடித்தகடு அப்பளம் போல் உதிர்ந்தது. துரைக்கு வண்டி ஓட்டிய செல்லப்பாண்டிதான் நாலு பேரை வைத்துத் தள்ளிக்கொண்டுவந்து, கிருபாநிதி வீட்டுப் பின்புறம் பூவரச மரத்தடியில் நிறுத்தினார். கோழிக்குச் சொந்தக்காரி பின்னாலேயே வந்து, முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு, கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள்.

"பேட்டரி செத்துப் போச்சு, முன்னால ஹேண்டில் போட்டுச் சுத்தித்தான் எடுக்கணும்" என்றார் செல்லப்பாண்டி. "ரெண்டு விசயம் மறக்கப்பிடாது. ஸ்டீயரிங்குல இருக்கில்லா, இந்தச் சின்ன லீவர், இத மேல தள்ளி வச்ச பெறவுதான் ஹேண்டிலச் சுத்தணும். கீழ இருந்தா எஞ்சின் திருப்பி உதைக்கும். சுத்துதவன் கட்டைவிரல மத்த விரலோட சேத்து ஒரே பக்கம் வச்சுக்கிடணும். வளைச்சுப் பிடிச்சா, உதைக்கையில கை போயிரும்."

கிருபாநிதி இரண்டையும் கேட்டுக்கொண்டார். துறைமுகத்துக் கப்பல் கம்பெனி ஒன்றில் அவர் ரைட்டர். பகலெல்லாம் ரங்கூன், கொழும்பு என்று ஊர்ப்பேர்களை எழுதிக்கொண்டே இருப்பவர். பக்கத்திலிருக்கும் முத்தையாபுரத்துக்கு அப்பால் போய்ப் பல வருஷமாகிறது.

அவர் மனைவி அற்புதமணி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "ஒரு எருமைய வாங்கியிருந்தா பாலாவது கறந்திருக்கலாம். இது என்னத்தக் கறக்கும்?"

"உன்னை ஏரலுக்குக் கூட்டிக்கிட்டுப் போகும்."

அவள் பிறந்த ஊர் ஏரல். ஆற்றுத்தண்ணீர் குடித்து வளர்ந்தவளுக்கு, கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் இறங்கவில்லை. பொங்கல்தோறும் "ஆத்துல ஒரு முங்கு போட்டுட்டு வரணும்" என்பாள். அவரும் போவோம் என்பார்.

மறுநாள் வேலி ஓரம் ஒரு தலை எட்டிப் பார்த்தது. "என்ன அண்ணாச்சி, தோணியக் கரையேத்திட்டீயளா? கலபத்து அடிச்சு ஓட்டைய அடைக்கணுமா?"

அடுத்த தெரு மனுவேல். சங்கு குளிக்கிற தோணியில் கயிறு பிடிக்கிறவன். அவன் தங்கை பிலோமியின் புருஷன் ஹென்றி கடலுக்குள் இறங்குவான். மேலே மனுவேல் கயிற்றைப் பிடித்து நிற்பான். கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். தங்கச்சி தாலியை நினைத்தாவது கையை நெகிழ விடமாட்டானே! ஏழு வருஷமாக ஹென்றியின் உயிர் அந்தக் கையில்தான் இருந்தது.

சங்கு குளிப்பில்லாத மாதங்களில் மனுவேலுக்கு வேலை இல்லை. கேலி பேச வந்தவன் அங்கேயே ஒட்டிக்கொண்டான். ரேடியேட்டருக்குள் சுண்ணாம்பு போல் படிந்திருந்த கிணற்று உப்பைப் புளித்தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினான். கிழிந்த கூரைக்குத் தோணிப் பாய்த்துணியை வெட்டி, பாய் தைக்கிற ஊசியாலேயே தைத்தான். இஞ்சின் காற்றாடியின் பட்டைக்குப் பதிலாக எருமைத்தோல் வாரை வெட்டி இணைத்தது அவன் யோசனைதான். கிருபாநிதி வால்வுகளைக் கழற்றி, பசை தடவி, மாலை மாலையாகத் தேய்த்துக்கொண்டிருப்பார். மனுவேல் பக்கத்தில் குந்தி, கடலுக்குள்ளிருந்து கயிற்றை ஒருதரம் அசைத்தால் என்ன அர்த்தம், இரண்டுதரம் அசைத்தால் என்ன அர்த்தம் என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

முதல்முறை ஹேண்டிலைப் பிடித்தபோது அவன் கட்டைவிரல் தானாக வளைந்து மற்ற விரல்களின் மேல் பூட்டிக்கொண்டது.

"ஏலே, அப்படிப் பிடிக்கக்கூடாது. கட்டைவிரல இந்தப் பக்கம் வை."

மனுவேல் சிரித்தான். "இந்த வெரலு பூட்டலேன்னா எங்க மாப்ள அடியிலயே கெடந்துருவாரு அண்ணாச்சி. சின்னதுல அடி வாங்கிப் படிச்ச பிடியில்லா!" விரலை எடுத்து மாற்றி வைத்தான். நாலாம் சுற்றில் அது திரும்பவும் பூட்டியிருந்தது. கிருபாநிதி பார்த்தார். அந்தப் பிடி பார்க்க அத்தனை அழகாக இருந்தது. லீவரை மேலே தள்ளித்தானே வைத்திருக்கிறோம் என்று விட்டுவிட்டார்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில் ஆராதனை முடிந்து வந்ததும் ஏரலுக்குக் கிளம்புவதென்று முடிவாயிற்று. இஞ்சின் அதற்கு முன் இரண்டுமுறை இருமி, கொஞ்சநேரம் ஓடியும் காட்டியிருந்தது. அற்புதமணி கல்யாணப் பட்டுச்சேலையை உடுத்தி, தண்ணீர் பிடித்துவரப் பித்தளைக் குடம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எருமை என்று சொன்ன வாய் இப்போது லேசாகத் திறந்திருந்தது. கண்ணாடிக்கு அப்பால் பூவரச மரத்தை ஏதோ புது ஊரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் அவளை அப்படிப் பார்த்ததில்லை, ஸ்டீயரிங்கின் பின்னால் உட்கார்ந்திருந்த கிருபாநிதி.

"எடுக்கட்டா அண்ணாச்சி?" முன்னாலிருந்து மனுவேல் கேட்டான்.

"எடு."

இரும்பு இரும்பில் அடித்த சத்தம் கேட்டது. மனுவேல் கத்தவில்லை. மண்ணில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டிருந்தான். மணிக்கட்டு இருக்கவேண்டிய வாக்கில் இல்லை.

அற்புதமணி குடத்தைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள். கிருபாநிதியின் கண் ஸ்டீயரிங்கில் நின்றது. லீவர் கீழே இருந்தது; மேலே தள்ள மறந்திருந்தார். அவர் கை, அவரைக் கேட்காமலே, அதை மேலே தள்ளியது. யாரும் பார்க்கவில்லை.

"என் தப்புதான் மதினி" என்றான் மனுவேல், பல்லைக் கடித்துக்கொண்டு. "வெரல வளைக்காதன்னு அண்ணாச்சி அன்னைக்கே சொன்னாவ. நாந்தான் கேக்கல."

கிருபாநிதி வாயைத் திறந்தார். "வைத்தியர்ட்டப் போவோம்" என்ற வார்த்தை மட்டும்தான் வந்தது.

வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். இரண்டு மாதம் அற்புதமணி அவன் வீட்டுக்குக் கறியும் சோறும் கொண்டுபோனாள். கிருபாநிதியும் தினம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊரெல்லாம் ஒரே கதைதான் ஓடியது: சொல்லச்சொல்லக் கேட்காமல் விரலை வளைத்துப் பிடித்தான், வாங்கிக் கட்டிக்கொண்டான். அந்தக் கதையைச் சொன்னவர்களில் மனுவேலே முதல் ஆள்.

கார்த்திகை முடிவில் கட்டு அவிழ்ந்தது. எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. தண்ணீர் நிறைந்த வாளியைக் கிணற்றிலிருந்து ஒரே கையால் இழுத்துக் காட்டினான் மனுவேல். ஆனால் அவன் முகத்தில் சந்தோஷமில்லை.

"திங்கக்கிழம குளிப்பு தொடங்குது அண்ணாச்சி. மாப்ள என்கிட்டக் கயித்தத் தரமாட்டேங்காரு."

"கைதான் சரியாப்போச்சே?"

"கையப் பத்திப் பேச்சில்ல. 'வெரல இங்கன வையின்னு ஒரு பெரிய மனுசன் சொல்லியும் கேக்காதவன், நான் அடியிலேர்ந்து கயித்த அசைச்சா மட்டும் கேப்பானா'ங்காரு. பிலோமியும் அழுதா, அவரு அசையல." மனுவேல் தரையைக் கீறினான். "நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு. நான் கவனமில்லாதவன் இல்லன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

கிருபாநிதி நிமிர்ந்து பார்த்தார். இந்த நிமிஷமே சொல்லிவிடலாம். லீவர் கீழே இருந்தது மனுவேலு, விரல் எப்படி இருந்தாலும் அது உதைத்திருக்கும், மேலே இருந்திருந்தால் நீ எப்படிப் பிடித்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அடுக்களை வாசலில் அற்புதமணி நின்றிருந்தாள்.

"ஞாயித்துக்கிழம வாரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டரைக் கழற்றினார். அதில் கோளாறு எதுவுமில்லை. பாகம் பாகமாகத் துணியில் பரப்பி, துடைத்து, திரும்பவும் மாட்டி முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பாகங்களையெல்லாம் ஒழுங்காக மாட்டியாகிவிட்டது. இனி நாளைக்குப் போகலாம் என்று தோன்றியது.

திங்கட்கிழமை விடியற்காலையில் கடற்கரைக்குப் போனபோது தோணிகள் பாய் விரித்துவிட்டன. மனுவேல் மணலில் தனியாக நின்றுகொண்டிருந்தான்.

"பெரியதாழைலேர்ந்து பிலோமிக்குச் சித்தப்பா மவன் ஒருத்தன வரவச்சிருக்காரு" என்றான். "அவனும் மச்சான் முறதான்."

அங்கேயே, அந்த மணலிலேயே, கிருபாநிதி எல்லாவற்றையும் சொன்னார். லீவர் கீழே இருந்ததை, பிறகு அதைத் தாம் மேலே தள்ளியதை. மனுவேல் வெகுநேரம் தன் கட்டைவிரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப வெரலு இருந்த எடம் சரிதானா?"

"உன் மேல தப்பே இல்ல."

"இத நேத்துச் சொல்லியிருந்தா..."

மத்தியானம் தோணி திரும்பும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியதாழைக்காரன் பின்னால் வர, ஈரத்தோடு இறங்கிய ஹென்றியிடம் கிருபாநிதி மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். ஹென்றி தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான். பிறகு மச்சானைப் பார்த்தான். ஹென்றியின் கண் சிவந்திருந்தது, உப்புத்தண்ணீரால் இருக்கலாம்.

"காலையில குருசடில சிலுவைக்கு முன்னால வச்சு இவன் கையில கயித்தக் குடுத்துட்டேன் மச்சான். ஒருதரம் குடுத்தா அந்த வருசம் மாத்தப்பிடாது. மாத்தினா, குடுத்தவன நம்பலேன்னு ஆயிரும். நம்பாத கயித்துல எப்படி எறங்க?" பிறகு கிருபாநிதியிடம், சண்டை போடும் குரலில் இல்லாமல், "ஒரு நாளு முன்னால வந்திருக்கலாமே அண்ணாச்சி" என்றான்.

மனுவேல் உப்பு மூட்டை சுமக்கத் துறைமுகத்துக்குப் போனான்.

வண்டியை எடுக்கச் சொன்னது அற்புதமணிதான். அவளிடமும் அன்றே சொல்லியிருந்தார். மூன்றாம் நாள், "அத வெளிய எடுத்து யாருக்காச்சும் குடுத்திருங்க. பூவரசடியில அதப் பாத்துக்கிட்டு என்னால பாத்திரம் வெளக்க முடியாது" என்றாள். ஏரலில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார்.

கிருபாநிதி லீவரை மேலே தள்ளினார். இறங்கி வந்து, கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்து, ஹேண்டிலைச் சுற்றினார். முதல் சுற்றிலேயே இஞ்சின் எடுத்துக்கொண்டது. இத்தனை மாதம் கேட்க ஆசைப்பட்ட சத்தம் அது.

தனியாகத்தான் ஓட்டிக்கொண்டு போனார். துறைமுகச் சாலையில் மூட்டை சுமக்கிறவர்கள் வரிசையாகக் குறுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தினார். வரிசையில் ஒருவன் தோளில் மூட்டையோடு நின்று திரும்பினான். வலது கை மூட்டையின் காதைப் பிடித்திருந்தது. கட்டைவிரல் மேலே பூட்டியிருந்தது.

"அண்ணாச்சி!" என்று கத்தினான் மனுவேல், முகமெல்லாம் பல்லாக. "ஓடுதே! நம்ம வண்டி ஓடுதே!"

பக்கத்திலிருந்தவனிடம் கூரையைக் காட்டி, "அது நான் தச்சதுல்லா" என்றான்.

கிருபாநிதி கையை உயர்த்தப் பார்த்தார். அது ஸ்டீயரிங்கை விட்டு வரவில்லை.