பரீட்சைக்கு வந்த குழந்தை

ஐந்தாவதாகப் பிறந்ததால் வீட்டில் அவளுக்குக் கடைக்குட்டி என்றே பெயர். முப்பத்தொரு வயதாகியும் அப்பா அப்படித்தான் கூப்பிடுவார். குழந்தை மருத்துவ மேற்படிப்பில் இடம் வாங்க அவள் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தது சொந்தபந்தம் முழுக்கத் தெரியும். நுழைவுத் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டாள். மூன்றாம் முறை இடம் கிடைத்ததும் அப்பா செய்த முதல் காரியம், பெயர்ப்பலகை எழுத ஆள் கூப்பிட்டதுதான். பெயருக்குப் பக்கத்தில் புதுப் பட்டத்துக்கு இடம் விடச் சொன்னார். மூன்று வருடம் வார்டில் உழைத்துவிட்டு, போன முறை கடைசிச் செய்முறைத் தேர்வில் அவள் தோற்றாள். அந்த வெற்றிடம் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களுக்கு வேறெதுவும் கண்ணில் படாது, அது மட்டும் பளிச்சென்று தெரியும்.

இது இரண்டாம் வாய்ப்பு, இதுவே கடைசி. இதிலும் தோற்றால் பயிற்சி இடம் ரத்து.

தேர்வு வேறோர் ஆஸ்பத்திரியில் நடந்தது. நாள்பட்ட நோயுள்ள குழந்தைகளை அம்மாக்களோடு வரவழைத்துக் கட்டிலுக்கு ஒன்றாக உட்கார வைத்திருந்தார்கள். தேர்வு எழுதுகிறவர் முக்கால் மணி நேரம் விசாரித்து, தொட்டுப் பார்த்து, என்ன நோய் என்று தேர்வாளரிடம் சொல்ல வேண்டும். விடையை நீங்கள் சொல்லக் கூடாது என்று அம்மாக்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவைப்பார்கள். அவர்களும் தலையை ஆட்டிவிட்டு எல்லோருக்கும் சொல்லிவிடுவார்கள். வியர்த்து வழிந்து நிற்கிற டாக்டர் பிள்ளைகளைப் பார்த்தால் எந்த அம்மாவுக்குத்தான் மனசு கேட்கும்?

கடைக்குட்டிக்கு நான்காம் கட்டில். நான்கு வயதுப் பையன். வலது கை மூடியே இருந்தது, கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது. பக்கத்தில் அவன் அம்மா, மடியில் காகிதங்கள் அடைத்த பிளாஸ்டிக் உறையோடு.

"பயப்படாதீங்க டாக்டர்," என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. "காலைலேருந்து நீங்க மூணாவது ஆளு. மூளைக்காய்ச்சல் வந்து போனது. வலது கையும் காலும் சரியா வராது. காது சுத்தமா கேக்காது. பின்னாடி நின்னு கைதட்டிப் பாக்குறதெல்லாம் வேஸ்ட்டு, முன்னாடியே சொல்லிட்டேன்."

கடைக்குட்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் போன முறை அவளைக் கவிழ்த்தது அரைகுறை விசாரணைதான்.

"முதல் நாள்லேருந்து சொல்லுங்கம்மா."

"அப்போ இவனுக்கு எட்டு மாசம். காய்ச்சல், வாந்தி, பாலே குடிக்கல. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்குற சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனேன். கூட்டம்னா கூட்டம், அப்படியொரு கூட்டம். மாஸ்க் போட்டுக்கிட்டு ஒரு டாக்டரம்மா, கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. மத்தியானம் தாண்டியும் சாப்பிடாம பாத்துக்கிட்டு இருந்தாங்க, பாவம். 'இவன் அழற சத்தமே வேற மாதிரி இருக்கு'ன்னேன். 'காய்ச்சல் வந்தா எல்லாக் குழந்தையும் பாடகர் ஆயிடும்மா'ன்னு சிரிச்சாங்க. மருந்து எழுதிக் குடுத்தாங்க. நானும் வந்துட்டேன். ரெண்டாம் நாள் வலிப்பு வந்து, வேற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்."

பேனா நின்றுவிட்டது. முதல் வருடத்தில் மூன்று மாதம் அவளை அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். அந்தப் பாடகர் வேடிக்கை அவளுடையது. எத்தனையோ அம்மாக்கள் அதற்குச் சிரித்திருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்த முகம் நினைவுக்கு வந்தது. பதிவேட்டில் போன் நம்பர் பார்த்துக் கூப்பிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் கூட்டத்தில் மறந்துபோனாள். திரும்பி வரவில்லையென்றால் சரியாகியிருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

"அவங்க மேல தப்பில்ல டாக்டர்," என்றாள் அம்மா. "நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும். பெத்தவ நான்தானே?"

நான்தான் அந்த டாக்டர் என்பது தொண்டை வரை வந்தது. இரண்டு கட்டில் தள்ளித் தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் தேர்வு இங்கேயே முடிந்தது. அந்த நேரத்திலும் அவளுக்குப் பெயர்ப்பலகை ஞாபகம் வந்தது. சீ என்று இருந்தது. ஆனாலும் சுத்தியலை எடுத்தாள். பையனின் முழங்காலைத் தட்டிப் பார்த்தாள். அவன் இடது கையால் அவள் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்து, சத்தம் போட்டுச் சிரித்தான்.

தேர்வாளர் வந்தார். கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொன்னாள்.

"சிகிச்சை லேட்டானதுக்கு என்ன காரணம்?"

"முதல்ல பாத்த டாக்டர், குழந்தையோட அம்மா சொன்னதைக் காதுல வாங்கல சார். அழுகை மாறினதை அவங்க அன்னைக்கே சொல்லியிருக்காங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னைக்கு இந்தக் கட்டிலுக்கு வந்தவங்கள்ல நீ ஒருத்திதான் இதைக் கேட்டு வாங்கியிருக்க. சபாஷ். அந்த டாக்டருக்கு இப்படி ஆனது தெரியுமோ என்னவோ."

"தெரிஞ்சிருக்காது சார்," என்றாள் அவள்.

சாயங்காலம் முடிவு ஒட்டினார்கள். அவள் பாஸ். போனில் அப்பா குதித்தார். "பலகைக்காரன் நாளைக்குக் காலைலயே வரான் கடைக்குட்டி!" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து அவரும் அழுதார்.

வாசலில் அந்த அம்மா வண்டிக்காகக் காத்திருந்தாள். பரீட்சைக்கு வந்ததற்காகப் பையனுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்திருந்தார்கள்.

"பாஸா டாக்டர்?"

"பாஸும்மா."

"எனக்கு அப்பவே தெரியும். மத்தவங்க கையைக் காலை இழுத்துப் பாத்துட்டுப் போயிட்டாங்க. நீங்கதான் நான் பேசுனதைக் கேட்டீங்க. இனிமே இவனை உங்ககிட்டதான் காட்டுவேன். பேரும் நம்பரும் எழுதிக் குடுங்க." உறைக்குள் துழாவி, ஓரம் கிழிந்த ஒரு சீட்டை எடுத்து, வெற்றுப் பக்கத்தை மேலே வைத்து நீட்டினாள்.

கடைக்குட்டி அதைத் திருப்பிப் பார்த்தாள். சின்ன ஆஸ்பத்திரியின் ஓ.பி. சீட்டு. சாதாரணக் காய்ச்சல், மூன்று நாள் மருந்து. கீழே அவளுடைய கையெழுத்து, அடியில் இழுத்துவிட்ட கோடு.

மறுபக்கத்தில் பெயரையும் நம்பரையும் எழுதினாள்.

"கையெழுத்தும் போட்டுடுங்க டாக்டர். உங்க ஆஸ்பத்திரில காட்டுனா உள்ள விடுவாங்க."

போட்டாள். கை பழக்கத்தில் அடியில் கோட்டையும் இழுத்துவிட்டது. அம்மா அதைப் பார்க்காமலேயே மடித்து, மற்ற காகிதங்களுக்கு மேலே பத்திரமாக வைத்தாள். எப்போது வேண்டுமானாலும் அவள் திருப்பிப் பார்க்கலாம்.

பையன் ஒரு பிஸ்கட்டை இடது கையில் எடுத்துக் கடைக்குட்டியிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொன்னால் அவனுக்குக் கேட்காது.